கல்லடியில் ஒரு போலி மக்கின்டோஷ்

என் மேசை இழுப்பறையில் ஓர் இறுவட்டு இருக்கிறது. அதன் முகத்தில் என் கையெழுத்தில் "1995-98" என்று மட்டும் எழுதியிருக்கும். கொழும்பில் நான் பணியாற்றிய தமிழ்ப் பத்திரிகையை விட்டு 1998இல் ஊர் திரும்பியபோது, பக்க வடிவமைப்புப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் என்னுடைய கோப்புகளையெல்லாம் அதில் பதிந்து தந்தார். அந்நாளில் அது பெரிய உபகாரம். வெற்று இறுவட்டின் விலையும் அன்று குறைவானதல்ல.

அந்தத் தட்டை மீண்டும் திறப்பதற்கு எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே தேவை வந்தது. திறக்க முடியவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியைப் பற்றிய கதைதான்; ஆனால் கணினியைப் பற்றி மட்டுமல்ல.

2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு நாள் காலை, வயதான அம்மா ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். படுவான்கரையில் மகள் வீட்டில் இருப்பவர். மண்முனைத் துறையில் பாதையேறி வாவியைக் கடந்து வந்திருந்தார். (பிற ஊர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் மனிதரையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயரே "பாதை"தான். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது.) அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. "தம்பி, பேப்பருக்கு எழுதப் போறன் எண்டு சொல்லி என்ட கதையக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனீங்களே" என்று சொன்ன பிறகு நினைவு வந்தது.

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1990இல் அகதி முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அந்த அம்மாவின் மூத்த மகன் அந்த 158 பேரில் ஒருவன். 1995இன் பிற்பகுதியில் நான் அவரைச் சந்தித்து நீண்ட நேரம் பேசி, கொழும்புக்குத் திரும்பி, அலுவலகக் கணினியில் முழுவதையும் தட்டச்சு செய்தேன். அது தணிக்கைக் காலம். அவ்வாண்டு செப்டெம்பரில்தான் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. கட்டுரை அச்சேறவில்லை. எனவே எந்தச் சுவடிக்கூடத்தின் பத்திரிகைக் கட்டிலும் அதைத் தேடிப் பயனில்லை.

அம்மா வந்த காரணம் இதுதான். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு வரவிருந்தது. அவர் சாட்சியம் சொல்ல விரும்பினார். "இருவது வருசமாச்சி தம்பி. எல்லா இடத்திலயும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே கொழம்புது. புள்ள என்ன சேட்டுப் போட்டிருந்தான் எண்டு போன முறை ஒருத்தர் கேட்டார். நான் நீலம் எண்டன். வீட்ட வந்து யோசிச்சா, நீலமா எண்டு தெரியல்ல. அப்ப ஒங்களுக்கு நான் சரியாச் சொல்லியிருப்பன். நீங்க எழுதினதப் பாத்துச் சொல்லுங்க."

கைக்குறிப்பேடுகள் என்னிடம் இல்லை. 2004 டிசெம்பர் 26 காலையில், கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் வீட்டிலிருந்த காகிதம் அனைத்தும் போய்விட்டன. உயிர் தப்பியது பெரிது என்று இருந்தவர்கள் காகிதத்துக்கு அழவில்லை. இந்த இறுவட்டு மட்டும் அரசடியில் உறவினர் ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டிக்குள், பிள்ளைகளின் சான்றிதழ்களோடு கிடந்து தப்பியது.

அதை என் விண்டோஸ் கணினியில் போட்டேன். தட்டில் எதுவும் இல்லை என்றது கணினி.

கல்லடி உப்போடையில், சுவாமி விபுலானந்தரின் சமாதி அமைந்திருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தூரத்தில், கணினி திருத்தும் சிறு கடையொன்று இருந்தது. அதை நடத்தியவன் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பொடியன். அவனுடைய தகப்பன் மின்வேலை செய்பவர்; இயேசு சபையினர் மட்டக்களப்பில் நடத்திய தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் வணபிதா யூஜின் ஹேபர்ட் பொறுப்பாக இருந்த காலத்தில் அங்கே பயின்றவர். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து இம்மண்ணின் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தும் கைத்தொழிலும் கற்பித்த அந்த அடிகளாரும், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற் போனவர்தாம். எங்கள் ஊரில் எந்தக் கதையின் நூலைப் பிடித்து இழுத்தாலும் அது அந்த ஆண்டில் போய்த்தான் முடிகிறது.

பொடியன் தட்டைப் பார்த்தான். "ஐயா, இது வெறுந்தட்டு இல்ல. மாக்கில எழுதினது. விண்டோசுக்கு இந்தக் கட்டமைப்பு விளங்காது" என்றான். அக்காலத்தில் உபுண்டு லினக்ஸ் இறுவட்டுகளைக் கேட்டு எழுதினால் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்புவார்கள். அவனிடமும் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு கணினியைத் தொடக்கித் தட்டைத் திறந்தான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இன்னதென்று தெரியாத குறிகளும் தாறுமாறாக நிறைந்திருந்தன. தமிழ் யுனிகோட் பரவுவதற்கு முந்திய காலத்தில், ஒவ்வோர் எழுத்துரு செய்பவரும் தமிழ் எழுத்துகளைத் தத்தமக்கு வசதியான இடங்களில் ஒளித்து வைத்திருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பாமினியில் எழுதியதைப் பாமினியில்தான் படிக்கலாம். எங்கள் பத்திரிகை தனக்கென்றே செய்வித்த எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துருவும் தட்டில் இருந்தது. அதன் அளவைப் பார்த்தால், பூச்சியம் பைட்டு.

காரணத்தைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். பழைய மக்கின்டோஷில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று தரவுக் கிளை, மற்றது வளக் கிளை. நாம் எழுதும் வாக்கியம் தரவுக் கிளையில் இருக்கும். எழுத்துருவோ முழுவதும் வளக் கிளையில் இருக்கும். அதன் தரவுக் கிளை வெறுமை. மற்றக் கணினிகள் தரவுக் கிளையை மட்டும் பார்ப்பதால் அங்கே ஒன்றுமில்லை என்கின்றன. பொருள் அங்கேதான் இருக்கிறது. பார்க்கத் தெரிந்த கண்தான் இல்லை.

"ஒரு மாக் வேணும் ஐயா" என்றான் பொடியன். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அப்போது மட்டக்களப்பில் ஒருவரிடமும் மாக் இல்லை. கொழும்பில் வாங்குவதென்றால் என் ஓய்வுகால வருமானத்தில் நினைக்கக்கூட முடியாது. இரவல் கேட்க நினைத்த இடங்களிலும், இந்தக் கோப்புகளின் உள்ளடக்கத்தை எண்ணித் தயங்கினேன். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எதை யாரிடம் காட்டலாம் என்ற கணக்கு எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று.

பொடியன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப ஒண்டைச் செய்வம்."

அப்பிள் நிறுவனம் தன் கணினிகளை இன்டெல் சில்லுக்கு மாற்றப் போவதாக 2005 ஜூனில் அறிவித்தது. முதல் இன்டெல் மாக் 2006 ஜனவரியில் வந்தது. அதுவரை மாக்கின் உள்ளுறுப்பு வேறு, மற்றக் கணினிகளின் உள்ளுறுப்பு வேறு. இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அப்படியானால் அப்பிளின் இயங்குதளத்தைச் சாதாரணக் கணினியிலும் ஓட்டலாமே என்று உலகெங்கும் ஆர்வலர்கள் புறப்பட்டார்கள். அவ்வாறு பிறந்த கலப்பினத்துக்கு ஹக்கின்டோஷ் என்று பெயர் வைத்தார்கள்.

அப்பிள் இதை எதிர்பாராமல் இல்லை. மாக்கில் வெப்பத்தையும் விசிறியையும் கவனிக்கும் சிறு சில்லு ஒன்று உண்டு. அதற்குள் ஒரு திறவுகோல் பொதிந்திருக்கிறது. அது இருந்தால்தான் இயங்குதளத்தின் சில முக்கிய பாகங்கள் மறைகுறி நீங்கி ஓடும். அந்தத் திறவுகோலே, எங்கள் உழைப்பைத் திருடாதீர்கள் என்று வேண்டும் சிறு செய்யுள் போன்ற வாசகம். அதைச் சரிபார்க்கும் கோப்பின் பெயரும் "மாக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே" என்பதுதான். ஹக்கின்டோஷ்காரர்கள் அந்தச் சில்லு இருப்பதுபோல் பாவனை செய்யும் மென்பொருளை எழுதினார்கள். இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் மற்றொரு மென்பொருளுக்குப் பச்சோந்தி என்று பொருள்படும் பெயர். பெயர் வைப்பதில் அவர்கள் நேர்மையாகவே இருந்தார்கள்.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் என் வேண்டுகோளுக்கிணங்க "ஸ்னோ லெப்பர்ட்" இறுவட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவந்தார். 2009 ஆகஸ்டில் வெளியான அந்தப் பதிப்பு 29 அமெரிக்க டொலருக்கு விற்பனையானது. பொடியன் தன் கடையிலிருந்த பழைய உறுப்புகளைச் சேர்த்தான்: பி45 சில்லுத் தொகுதி கொண்ட கிகாபைட் தாய்ப்பலகை, இன்டெல் கோர் 2 டுவோ, என்விடியா 9500 ஜீடி, ஒரு பக்க மூடி தொலைந்துபோன பெட்டி. பெட்டியின் திறந்த பக்கத்தை அவன் ஒரு காலண்டர் அட்டையால் மறைத்திருந்தான்.

வேலை ஆறு இரவுகள் நடந்தது. பகலில் அவனுக்குக் கடை. எனக்கும் இரவு விழிப்பு பழக்கம்தான். முதலிரவு, சாம்பல் நிறத் திரை மேலிருந்து கீழாக இறங்கி, கணினியை மீளத் தொடக்கவும் என்று நான்கைந்து மொழிகளில் சொன்னது. அவற்றில் தமிழ் இல்லை. இரண்டாம் இரவும் அதே. மூன்றாம் இரவு, மின்சாரம் இரண்டு தடவை நின்றது.

நான்காம் இரவு சற்று முன்னேறினோம். கரிய திரையில் வெள்ளை எழுத்துகள் வேகமாக ஓடி, ஓரிடத்தில் நின்றன. பின்பு ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மூலச் சாதனத்துக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த வரியின் பொருள். வன்தட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவன் இல்லாததால் இயங்குதளம் அதைக் காணாமல் காத்திருக்கிறது. இன்னும் காத்திருக்கிறேன், இன்னும் காத்திருக்கிறேன் என்று திரையில் வரி ஏறிக்கொண்டே போக, நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் அடங்கியிருந்தன. ஓர் இயந்திரத்தின் பிழைச் செய்திக்கு மனிதன் கலங்குவானா என்று வாசகர்கள் கேட்கலாம். நான் கலங்கினேன்.

தீர்வு எளிது. தாய்ப்பலகையின் அமைப்புப் பட்டியலில் வன்தட்டு இயங்கும் முறையை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சொல். அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு.

ஆறாம் இரவு வரவேற்புப் படம் ஓடியது. அதற்கு இசை உண்டாம், எங்களுக்குக் கேட்கவில்லை. ஒலிச் சில்லு கடைசிவரை வேலை செய்யவே இல்லை. "வாவி மீன் பாடுறது கேக்கும், மீன் தெரியாது. இது தெரியுது, பாட்டுக் கேக்கல்ல" என்று பொடியன் சிரித்தான். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பழைய தட்டைப் போட்டோம். அதன் சிறுபடம் மேசைத் திரையில் வந்து அமர்ந்தது. எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கியதும், பூச்சியம் பைட்டு என்று மற்றக் கணினிகள் கைவிரித்த அந்தக் கோப்பிலிருந்து அகர வரிசை விரிந்தது. கட்டுரைக் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து, எழுத்துருவை மாற்றினான். தாறுமாறாய் இருந்த குறிகள் ஒரே கணத்தில் தமிழாயின. 1995இல் நான் எழுதிய என் வாக்கியங்கள். என் எழுத்துப் பிழைகள் உட்பட.

யாழ் என்ற இசைக்கருவி வழக்கொழிந்து நூற்றாண்டுகள் கழிந்த பின், பழைய நூல்களின் வரிகளை மட்டும் துணையாகக் கொண்டு அதன் அமைப்பை மீட்டுத் தந்தவர் எங்கள் விபுலானந்த அடிகள். யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். அவரிடம் நூல் இருந்தது, கருவி இல்லை. நூல் இருந்தும் கருவி இல்லாத அவதியை, அவருடைய சமாதிக்கு அருகில் ஒரு சிறு அளவில் நானும் அனுபவித்தேன் என்று சொல்வது மிகையாகாது என நினைக்கிறேன்.

கோப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: வெள்ளைச் சட்டை. மெல்லிய கோடு போட்டது. தாயே தைத்தது. மேற்பொத்தான் மட்டும் கறுப்பு, ஏனென்றால் வீட்டில் வெள்ளைப் பொத்தான் தீர்ந்துவிட்டிருந்தது.

மாக்கில் எந்தக் கோப்பையும் அச்சிடும் இடத்திலேயே பீடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அப்படிச் சேமித்தால் எழுத்துரு உள்ளேயே சேர்ந்துவிடும்; பிறகு எந்தக் கணினியிலும் படிக்கலாம். தட்டிலிருந்த அத்தனை கோப்புகளையும் அவ்வாறு மாற்றினோம். அந்த அம்மாவின் கட்டுரையை மட்டும் அதே கணினியில், மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்து மாக்கிலேயே இடம்பெற்ற இணைமதி எழுத்துருவில், யுனிகோட்டாக மறுபடி தட்டச்சு செய்தேன். ஒருவரி விடாமல்.

மறுவாரம் அம்மா வந்தார். வாசித்துக் காட்டினேன். பொத்தான் என்ற இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "ஓம் தம்பி. கறுப்புப் பொத்தான். அவன் வேணாமெண்டவன், நான்தான் தைச்சிக் குடுத்தன்" என்றார். அழவில்லை. மறந்துபோன பொருளொன்றைத் திரும்பப் பெற்றவரின் முகம் அது.

ஒக்டோபரில் அவர் அந்தத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு ஆணைக்குழுவின் முன் போனார். ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசெம்பரில் வெளியானது. காணாமற் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறி, அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அங்கும் அவர் அதே தாள்களைக் கொடுத்தார். பதில் வருமுன் அவர் போய்விட்டார். தாள்களின் பிரதி இப்போது மகளிடம் இருக்கிறது.

இனி, சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தியாளனாக இருந்தவன் அதை மறைத்துவிட்டுப் போகக் கூடாது. அப்பிளின் உரிமப் பத்திரம் அதன் இயங்குதளத்தை அப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய தட்டென்றாலும் நாங்கள் செய்தது அந்த நிபந்தனைக்கு மாறானது. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் இத்தகைய கணினிகளை வெளிப்படையாகச் செய்து விற்றது. அப்பிள் வழக்குத் தொடுத்து 2009 நவம்பரில் வென்றது. 2011இல் மேன்முறையீடும் தள்ளுபடியானது. விற்றுப் பிழைத்தவர்களுக்கு எதிரான அந்தத் தீர்ப்பில் எனக்கு முரண்பாடில்லை. நாங்கள் ஒன்றையும் விற்கவில்லை என்பதும் முழு நியாயமாகிவிடாது. வேறு வழிகளும் இருந்திருக்கலாம். வளக் கிளையிலிருந்து எழுத்துருவைப் பிரித்தெடுக்கும் லினக்ஸ் கருவிகள் இருந்தன என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆனால் அன்று அந்த அம்மாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த வழி அதுவாகத்தான் இருந்தது. அதே நிலைமை மீண்டும் வந்தால் மீண்டும் அதையே செய்வேன் என்று எழுதிவைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்தக் கலையும் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்பிள் 2020இல் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வெளியான பதிப்பே இன்டெல் மாக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டது. மறுபுறம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத நல்ல கணினிகள் பல ஒரே நாளில் ஆதரவற்றவை ஆயின. ஆதரவற்றவை என்ற சொல்லைக் கவனியுங்கள். பழுதடைந்தவை அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என் தட்டு எழுதப்பட்ட பழைய மாக் கட்டமைப்பைப் படிக்கும் திறனை 2019இல் வந்த பதிப்பிலிருந்து அப்பிளே நீக்கிவிட்டது. இன்று கடையில் புத்தம் புதிய மாக் ஒன்றை வாங்கிவந்தாலும் அது இந்தத் தட்டைத் திறவாது. கல்லடிக் கடையின் மூலையில், காலண்டர் அட்டை போர்த்திய அந்த அனுமதியற்ற பெட்டி திறக்கும். பொடியன் இப்போது கட்டாரில் இருக்கிறான். பெட்டியை எறிய வேண்டாம் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

எங்கள் மக்களின் காகிதங்களைத் தீயும் கொண்டுபோயிருக்கிறது, கடலும் கொண்டுபோயிருக்கிறது. எஞ்சியவற்றை 2005இலிருந்து "நூலகம்" போன்ற தன்னார்வ முயற்சிகள் இணையத்தில் சேர்த்து வருகின்றன. ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டிலும், பழைய எழுத்துருவில், பழைய தட்டில், ஏதாவது ஒன்று கிடக்கிறது. எழுதக்கூடிய இறுவட்டுகளுக்கு ஆயுள் முடிவற்றதல்ல. ஈரமும் வெப்பமும் மிகுந்த எங்கள் ஊரில் அது இன்னும் குறைவு. இந்த வாரம் அதை எடுத்துப் பாருங்கள். திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் யுனிகோட்டில் ஒரு பிரதி, பீடிஎஃபில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். திறக்காவிட்டால், உங்கள் ஊர்க் கடையிலும் ஒரு பொடியன் இருப்பான், போய்க் கேளுங்கள்.

யாரோ ஒருவருடைய சட்டையின் பொத்தான் அதற்குள் இருக்கலாம்.